கண் முழிக்காத புழு

டோரதி: சிரிக்காத லியோ. நீ சிரிச்சா எனுக்கு இன்னும் பத்திகினு வருது.

லியோனார்ட்: சிரிக்கல டோரு. கைடு சொன்னத நெனச்சேன்... "மிஸ்டர் லியோனார்ட், உங்க புழுவும் உங்களை மாதிரியே இருக்கே"ன்னாரு.

டோரதி: அவரு எதுக்கு அப்டி சொன்னாரு?

லியோனார்ட்: எத்தினி தபா சூடு காட்டினாலும் எழுந்துக்க மாட்டேன்னுது, அதான். திங்கக்கிழமதான் கடைசியாம். அன்னிக்கும் ஒண்ணும் வரலன்னா தீசிஸும் இல்ல, நார்வே வேலையும் இல்ல.

டோரதி: கடைசின்னா... கடைசியா?

லியோனார்ட்: கடைசி. பத்து வருசமா வாளை மீன் கொடல நோண்டினவன்னு பேரு மட்டும் மிஞ்சும். அத்தயும் கல்லறைல எழுத மாட்டாங்க, கலீஜா கீதுன்னு.

டோரதி: ...அந்த அருவாமனைய இப்டி தள்ளு. சரி, சொல்லு. அந்தப் புழுவாண்ட உனுக்கு இன்னாதான் வேணும்?

லியோனார்ட்: கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிகினே கீறேன்.

டோரதி: நானும் தலைய ஆட்டிகினே கீறேன். ஒருவாட்டியாச்சும் புரியற மாதிரி சொல்லு.

லியோனார்ட்: பெரிய புழு ஓங்கல், அதான் டால்பின், அது வவுத்துல குடும்பம் நடத்துது. முட்ட போடுது. முட்ட பீயோட கடல்ல வுழுது. அதுலேர்ந்து வர குஞ்ச கூனி எறா துன்னுது, கூனிய வாளை துன்னுது, வாளைய ஓங்கல் துன்னுது. திரும்ப மொதல்லேர்ந்து.

டோரதி: அல்லாம் துன்னுகினு கீது. உனுக்கு அதுல இன்னா வேல?

லியோனார்ட்: மீனுக்குள்ள கீறசொல்ல அது வளராது. சுருண்டுகினு கம்முனு கெடக்கும். ஓங்கல் வவுத்து சூடு பட்டாத்தான் எழுந்துக்கும். இத்தினிக்கும் உள்ள கீற ஜீன் அல்லாம் அதே ஜீன்தான். நம்ம வூட்டு சுவிட்ச் போர்டு மாதிரின்னு வெச்சுக்க. காலைல கிச்சன் லைட்டு, மத்தியானம் ஃபேனு... போர்டு ஒண்ணுதான், எப்போ எத்த போடறோம்ன்றதுதான் வித்தியாசம். சூடு பட்டதும் அது எந்த சுவிட்ச மொதல்ல போடுது? அதான் என் பத்து வருசம்.

டோரதி: பத்து வருசத்துல எலெக்ட்ரீசியன் ஆயிருக்கலாம்.

லியோனார்ட்: ஆயிருந்தா உங்கப்பா வூட்ல ஃபேனாச்சும் ஒழுங்கா சுத்தும்.

டோரதி: அப்பா தூங்கறாரு, மெதுவா பேசு.

லியோனார்ட்: மெதுவாத்தான் பேசறேன். அந்தப் புழுவும் நானும் ஒண்ணுதான் டோரு. மாமனார் வூட்டு மாடில சுருண்டுகினு, நீ மீன் வித்து ஆக்கிப் போடறத துன்னுகினு... வளராம. மீனுக்குப் பேச வந்தா அந்தப் புழுவ இன்னா கேக்கும், சொல்லு?

டோரதி: எப்போடா எழுந்துப்பேன்னு கேக்கும்.

லியோனார்ட்: நீ கேக்கலயே.

டோரதி: நான் மீன் இல்லயே. அல்லாத்துக்கும் உன் வாய்தான் காரணம். கம்முனு என் கடையாண்ட வந்து கொடல எடுத்துகினு போயிருந்தா இந்தப் பேஜாரே இல்ல.

லியோனார்ட்: தோ, ஆரம்பிச்சுட்டியா.

டோரதி: போணி ஆவற நேரம். ஓட்டல் மாஸ்டர் எதிர்ல நிக்கறாரு. நீ மீனு வவுத்துல கைய வுட்டு, "ஐயோ இன்னா அழகா சுருண்டுகீது பாரு, உசுரோட கீது, புழு"ன்னு கத்துற.

லியோனார்ட்: அழகாத்தான் இருந்துச்சு.

டோரதி: காசிமேட்டுல அத்த யாராச்சும் புழுன்னு சொல்வாங்களா? நூலுன்னு சொல்லி, நகத்தால கிள்ளிப் போட்டுட்டு அடுத்த மீன எடுப்போம். அன்னிக்கு என் வரிசைல ஒருத்தியும் போணி பண்ணல. பக்கத்துக் கடை கெங்கம்மா மண்ண வாரித் தூத்தினா, கண்ணால பாத்தியா இல்லியா?

லியோனார்ட்: பாத்தேன். கொஞ்சம் என் வாய்க்குள்ளயும் போச்சு. மீன் விக்கறவங்க அல்லாம் சேந்து ஒரு விஞ்ஞானிய மார்க்கெட்ட வுட்டே தள்ளி வெச்ச மொத கேஸு நான்தான்.

டோரதி: அதான் அப்பத்துலேர்ந்து நானே தெனம் எடுத்தாந்து தரேனே.

லியோனார்ட்: தர.

டோரதி: ஐஸ் பொட்டில வெச்சு, சுத்தமா கட்டி.

லியோனார்ட்: தர, தர. நான் இல்லன்னு சொல்லல. கிறிஸ்துமஸ் வரைக்கும் கூட நல்லாத்தான் எழுந்துச்சு. கோயில் திருநாளுக்கு சீரியல் லைட்டு போட்ட மாதிரி ஜீன் ஒண்ணொண்ணா எரிஞ்சுது. சரி, நமக்கும் நேரம் வந்துச்சுன்னு நார்வேக்கு எழுதிப் போட்டேன். அவனும் வான்னுட்டான். அதே மாதிரி இன்னும் ரெண்டு வாட்டி வந்துட்டா போதும், தீசிஸு முடிஞ்சுது. அப்பால பாத்தா...

டோரதி: அப்பால?

லியோனார்ட்: ஒண்ணுகூட எழுந்துக்கல. நார்வேன்னதும் அதுக்கும் குளிர் வுட்டுடுச்சு போல. நீயும் வாயேன்னா வர மாட்டேன்ற.

டோரதி: அப்பாவ யாரு பாத்துப்பா? கட்டில வுட்டு எறங்க முடியாத மனுசன். மூணு வருசம்தான... நீ போய்ட்டு வா. நான் எதுனா சொன்னனா? மாதாவுக்குத் தெனம் மெழுவத்தி ஏத்தறேன்.

லியோனார்ட்: எதுக்கு?

டோரதி: எதுக்குன்னா... உன் புழுவுக்குத்தான்.

முதஸ்ஸிர்: அக்கா... டோரதி அக்கா, கீறீங்களா?

டோரதி: முதஸ்ஸிர் பாய், அப்பால வாங்க. வேலையா கீறேன்.

முதஸ்ஸிர்: படி ஏறி வந்துட்டேன்கா. சலாம் சார். கீழ கடைல ஆள் இல்ல, ஒரே நிமிசம். அந்தப் பைய மட்டும் எடுத்துக்கங்க. நோம்பு வருது, சமோசா, கட்லெட்டு அல்லாம் வெக்கணும். ஃப்ரீசர்ல எடமில்ல.

லியோனார்ட்: எந்தப் பை பாய்?

டோரதி: அது... கறி.

முதஸ்ஸிர்: கறியா? மீன் கொடல்னு சொன்னீங்களே. கிறிஸ்துமஸ் கேக்க கைல குடுத்துட்டு, என் ஐஸ்கிரீம் பக்கத்துல கொடல் வெக்க எடம் கேட்டீங்க. கேக்கு துன்ன வாயால முடியாதுன்னு எப்டி சொல்றது? தெனம் வெக்கறீங்க, கல்லு மாதிரி ஆனதும் எடுக்கறீங்க, தண்ணில போட்டு எளக வெச்சு திரும்ப ஐஸ் பொட்டில போட்டுகினு போறீங்க... எதுக்குன்னு நான் ஒருவாட்டி கூட கேக்கல சார். இன்னிக்குதான் எடுக்க வரவே இல்ல.

லியோனார்ட்: ...நீங்க கேக்காதது நல்லது பாய். நான் கேட்டுக்கறேன்.

முதஸ்ஸிர்: நான் எதுனா தப்பா சொல்ட்டனா?

டோரதி: இல்ல பாய். நான் வந்து எடுத்துக்கறேன். நீங்க கடையப் பாருங்க.

முதஸ்ஸிர்: சரிக்கா... மெதுவா வாங்க. அவசரமில்ல.

லியோனார்ட்: டோரு.

டோரதி: ம்.

லியோனார்ட்: ஃப்ரீசர்ல வெச்சா புழு செத்துடும்னு உனுக்கு யாரு சொன்னது?

டோரதி: நீதான். கல்யாணம் ஆன புதுசுல பீச்சுக்குக் கூட்டிகினு போய் பேசின மொத விசயமே அதான். மீன பச்சயா துன்ற ஊர்ல அல்லாம் ஃப்ரீசர்ல வெச்சு கொல்வாங்க, ஐஸ்ல வெச்சா சாவாதுன்னு.

லியோனார்ட்: அத்தயா இத்தினி வருசம் ஞாபகம் வெச்சுகீற?

டோரதி: அன்னிக்கு வேற எதுனா பேசியிருந்தா அத்த ஞாபகம் வெச்சிருப்பேன். நார்வேக்காரன் வான்னு சொன்ன அன்னிக்கு நீ சோறு துன்னாம குதிச்ச. எனுக்கும் சந்தோசம்தான், மெய்யாலுமே. அன்னிக்கு சாயங்காலம் கொடில உன் சட்டையப் பாத்தேன். மூணு வருசம் அதுகூட அங்க தொங்காதேன்னு தோணுச்சு... அவ்ளோதான். கேக்க வெட்டி எடுத்துகினு பாய் கடைக்குப் போய்ட்டேன். அப்பத்துலேர்ந்து கோயிலாண்ட போய் உன் புழு எழுந்துக்கணும்னு மெழுவத்தி ஏத்தறது, நேரா வந்து அத்த ஃப்ரீசர்ல வெக்கறது. மாதாவுக்கே என்னாண்ட இன்னா பண்றதுன்னு புரிஞ்சிருக்காது.

லியோனார்ட்: இன்னிக்கு ஏன் எடுக்கப் போவல?

டோரதி: நேத்து நீ நாஸ்தா கூட துன்னாம கைடாண்ட போனியே, திட்டு வாங்க. முதுக வளைச்சுகினு படி எறங்கின. அத்தப் பாத்ததுலேர்ந்து மனசு கேக்கல. தோ, அந்த பக்கெட்டு. இன்னிக்குக் காலைல போட்டுல வந்த வாளை. வெறும் ஐஸுதான். மூடியத் தொற. நெளியுதா?

லியோனார்ட்: நெளியுது.

டோரதி: அழகா கீதா?

லியோனார்ட்: ரொம்ப.

டோரதி: எடுத்துகினு போ. திங்கக்கிழமைக்குள்ள சூடு காட்டு, அது எழுந்துக்கட்டும். நீயும் எழுந்துக்க. அப்பாவ நான் பாத்துக்கறேன், ஃபேனையும் பாத்துக்கறேன்.

லியோனார்ட்: ம்.

டோரதி: திட்டணும்னா திட்டிட்டுப் போ. உன் வேலையயே நாறடிச்சுகீறேன். இன்னாயா, கோவமே வரலயா?

லியோனார்ட்: வரல.

டோரதி: மரமண்டைதான் நீ. பத்து வருசம் படிச்சவன், தெனம் பைய பிரிச்சுப் பாக்கறவன்... செத்ததுக்கும் உசுரோட கீறதுக்குமா உனுக்கு வித்தியாசம் தெரியல?

லியோனார்ட்: தெரியும். உசுரோட கீறது தொட்டா சுருளும்.

டோரதி: ...எப்பத்துலேர்ந்து தெரியும்?

லியோனார்ட்: மொத பையிலேர்ந்து.

டோரதி: அப்பால ஏன்யா தெனம் சட்டைய மாட்டிகினு, செத்த புழுவத் தூக்கிகினு லேபுக்குப் போன?

லியோனார்ட்: நீ எதுக்கு ஃப்ரீசர்ல வெச்சியோ, அதுக்குத்தான்.