மருந்துக்கடைகளை நிறுத்தியவள்

மாலை 5.40. கென்னடி நிலையத்தை நோக்கி ஓடிய சப்வே ரயிலில், மடிக்கணினிப் பையைக் கட்டிப்பிடித்திருந்த இளம்பெண் ஒருத்தி பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னாள்:

"அன்ரி, இண்டைக்கு ஐஞ்சு மருந்துக்கடையை நான் நிப்பாட்டிப்போட்டன்!"

"ஐயோ, ஏன் பிள்ளை?"

"மருந்து வாங்கிற ஆக்களின்ரை டேட்டாபேஸ் பிழையில்லாமல் கிடக்கோ எண்டு பாக்க. சிஸ்டத்தை நிப்பாட்டினால்தான் பாக்கலாம். சனம் வேற கடைக்குப் போயிடும் எண்டு பொஸ் விடவேயில்லை. இண்டைக்குக் கேக்காமல் செய்தன். ஒராளின்ரை அலர்ஜி இன்னொராளின்ரை பேரிலை பதிஞ்சு கிடந்தது! பிடிச்சிட்டன்!"

"அப்ப உன்ரை வேலையையும் நிப்பாட்டியிருப்பினமே?"

கைபேசி அடித்தது. "ஓம்... ஓம்... தாங்ஸ்!" அவள் துள்ளினாள்.

"பொஸ்தான்! வேலை இருக்கு அன்ரி! இனி ஒவ்வொரு ஞாயிறும், கடை திறக்க முதல், விடிய ஆறு மணிக்கு ஒஃபிஸுக்கு வந்து செக் பண்ணட்டாம்!"

"கார் இல்லாமல் எப்பிடிப் போவாய்?"

"இதிலைதான்!"

ஞாயிற்றுக்கிழமைகளில் சப்வே எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும்.