செஞ்சி ரோட்டில் கொதித்த வண்டி

— மெதுவா, மச்சான், மெதுவா! கப்போவை அப்பிடியா தூக்குவாங்க? மாட்டுக்கொட்டாத் தட்டியா அது?

— நீ கப்போன்னாலும் நான் பானெட்டுன்னாலும் உள்ள இருக்கறது ஒரே இஞ்சின்தான், மாப்ள. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது.

— தெரிஞ்சிக்க, தொரை வண்டி இது. ரெட்டியார்பாளையத்துல ஒன் கொட்டாயில வந்து நிக்குதுன்னா ஒனக்குத்தான் பெருமை.

— தொரை ஊருக்குப் போயி ஆறு வருஷம் ஆச்சி. பெருமைய அப்புறம் பேசிக்கலாம். தண்ணி எவ்ளோ குடிக்குது, அதச் சொல்லு.

— கருவடிக்குப்பத்துல எங்க வூட்டுலேருந்து கெளம்பி தவளக்குப்பம் போறதுக்குள்ள ஒரு கொடம். ஆனா அடியில ஒரு சொட்டு ஒழுகல. ராவெல்லாம் காயிதம் விரிச்சி வெச்சிப் பாத்துட்டேன். காயிதம் போட்டபடி காஞ்சே கெடக்குது.

— நானும் தடவிப் பாத்துட்டேன். ரப்பர் ஓசு காஞ்சிதான் இருக்குது. ரேடியேட்டர் அடியும் காஞ்சிதான். பம்புல ஈரமே இல்ல. வெளிய போவாத தண்ணி எங்க போவும்? உள்ளதான் போவுது. அந்த ஆயில் குச்சிய உருவு.

— இந்தா.

— இது ஆயிலா? மோரு மாதிரி வெளுத்துப் போயிருக்குது. தண்ணி கலந்துடுச்சி. சரி, ஏறி ஸ்டார்ட் பண்ணு. ரேடியேட்டர் மூடிய நான் தொறந்து வெக்கிறேன்... உம். எறங்கி வந்து பாரு. கொப்புளம் வருதா?

— அய்யோ, அதுக்குள்ள கொதிக்குதே!

— தொட்டுப் பாரு. சூடே ஏறல. அப்புறம் எப்பிடிக் கொதிக்கும்? காத்து, மாப்ள. ஒன் ஊதி ஊதற காத்து சிலிண்டர்லேருந்து தப்பிச்சித் தண்ணிக்குள்ள பூருது. அதே வழியாத் தண்ணி சிலிண்டருக்குள்ள போயி வெள்ளப் பொகையா வெளிய வருது. ஆஃப் பண்ணு.

— ஊதி ஊதின்னு சொல்லாத. கொம்ப்ரெஸேர். ஊரு பூரா தேடினாலும் இன்னொண்ணு கெடையாது.

— அதான் வில்லங்கமே. மத்த வண்டி தானா மூச்சு வுடும். இதுக்கு அந்த ஊதி வாயத் தொறந்து காத்தத் திணிக்குது. ஓடும்போது பிச்சிக்கிட்டு ஓடும், சூடும் அதுக்குத் தக்கன ஏறும். தண்ணி ஒரு எடத்துல ஓடாம நின்னுட்டாலும் இது தாங்காது. ஹெட்டைக் கழட்டாம மேல ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

— கழட்டுவியா? இத்தினி வருஷம் எவனும் ஹெட்டைத் தொட்டதில்ல. ஓசு மாத்துவான், ரேடியேட்டரக் கழுவுவான், அவ்ளோதான். நாளைக்குக் காலையில மருமவன் தொரை வந்து நிப்பாரே!

— எந்த மருமவன்?

— நம்ம பெரிய தொரையோட மருமவப்புள்ள. பழைய கொம்ப்ரெஸேர் வண்டின்னா அவருக்கு உசுரு. மாமனார் சொல்லி, இதத் தேடிக்கிட்டே வந்திருக்காரு. செஞ்சி வரைக்கும் போயிக் கொதிக்காமத் திரும்பிச்சின்னா வண்டி மெட்ராசுல கப்பல் ஏறுது. ஓட்டத் தெரிஞ்சவன் வேணும் இல்ல? நானும் ஏறறேன். மனுவேல், நீயும் வந்துடுன்னுட்டாரு.

— மனுவேலா?

— தொரை எனக்கு வெச்ச பேரு. மண்ணாங்கட்டின்னு அவங்க வாயில வருமா?

— கொதிச்சிட்டா?

— கொதிச்சிட்டா வண்டியும் இங்கதான், நானும் இங்கதான். கடைசி வரைக்கும்.

— திரும்பியும் செஞ்சி.

— திரும்பியும் செஞ்சிதான். பிரெஞ்சுக்காரன் கொடி எறங்குன வருஷம் பெரிய தொரையும் இதேதான் சொன்னாரு. செஞ்சி போயிட்டு வருவோம், நல்லபடியா வந்துட்டா வண்டியையும் ஒன்னையும் பிரான்சுல மர்சேய்க்குக் கூட்டிம்போறேன்னாரு. திண்டிவனம் தாண்டினதும் ஆவி. கப்போ மேலேருந்து அடிக்குது பாரு, நாயி நரியெல்லாம் ஓடுது. புளியமரத்தடியில தொரை கைக்குட்டையால மூஞ்சத் தொடச்சிக்கிட்டு நின்னாரு. "சே ஃபினி, மனுவேல்." முடிஞ்சிதுன்னு அர்த்தம். வண்டிய எங்கிட்ட வுட்டுட்டு அவரு மட்டும் போயிட்டாரு. அன்னியிலேருந்து எனக்கு விடிவே இல்ல, மச்சான். கல்யாணத்துக்கு வாடகை, சாவுக்கு வாடகை, வழி நெடுக குட்டத் தண்ணி. நான் அனுபவிக்க வேண்டியதா இது?

— அஞ்சலாட்சிக்கு என்னா வழி? நீ போயிட்டா?

— ஒன் தங்கச்சிதான, ஒன் வூட்டுல இருக்கட்டும். அவள அங்க எங்க கூட்டிம்போறது? மேசையில ஒக்காந்து திங்கத் தெரியுமா அவளுக்கு?

— அண்ணே, கஞ்சி கொண்டாந்திருக்கேன். ரெண்டு பேரும் குடிச்சிட்டு வேலயப் பாருங்க.

— அங்க வெச்சிட்டுப் போடி. கிட்ட வராத. வேல நடக்கும்போது பொம்பள நெழல் வண்டிமேல வுழக்கூடாது.

— அவ நிக்கட்டும், மாப்ள. என் கொட்டாயி இது. அஞ்சலாட்சி, இந்த நட்டெல்லாம் அந்தத் தட்டுல எடுத்துப் போடும்மா, உருண்டு ஓடிடும்.

— நாளைக்குள்ள ஆயிடுமா அண்ணே?

— பாக்கலாம்மா. மாப்ள, அந்தப் பக்கம் புடி. ஹெட்டு நேரா மேல வரணும், சாயக்கூடாது... தூக்கு. ஆச்சி. பலகையில வைய்யி.

— என்னா தெரியுது?

— கேஸ்கட்டு எரிஞ்சிருக்குது. மூணாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவுல, பாரு, கரியா. இந்த ஓட்ட வழியாத்தான் தண்ணியும் காத்தும் போவறதும் வர்றதுமா இருந்திருக்குது. ஹெட்டும் துளி வளைஞ்சிருக்குது. அது பரவால்ல, கண்ணாடிமேல எமரிக் காயிதம் போட்டுத் தேச்சா நேராயிடும். கேஸ்கட்டுதான் கெடைக்காது.

— மெட்ராசுல?

— இந்த வண்டிக்கு மெட்ராசுல எவன் வெச்சிருக்கான்? செம்புத் தகடு இருந்தா நானே வெட்டிடுவேன். இப்ப விக்கற மெல்லிசு ஆவாது. அந்தக் காலத்துக் கெட்டிச் செம்பா வேணும்.

— அம்மாவோட அண்டா இருக்குது இல்ல, அண்ணே?

— எந்த அண்டா?

— எனக்குன்னு அம்மா எடுத்து வெச்சாங்களே, செம்பு அண்டா. ஒன் வூட்டுப் பரண்மேலயே கெடக்குது. அத வெட்டு.

— அம்மா ஞாபகமா அது ஒண்ணுதானம்மா இருக்குது.

— எனக்கு எதுக்குண்ணே அது? நானே போயி எறக்கியாரேன்.

— பாத்தியா மச்சான்? நீ கேக்கறதுக்குள்ள ஓடறா. நான் என்னமோ ஒன் தங்கச்சியப் போட்டு வாட்டறேன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கறியே. புருசன் வண்டிக்குன்னா தாய் வூட்டு அண்டாவையே குடுக்கறா.

— நான் மூஞ்சத் தூக்கல. அவ கையப் பாத்தேன். எடது மணிக்கட்டு திரும்பியும் வீங்கியிருக்குது.

— வழுக்கி வுழுந்துட்டா.

— அந்த ஸ்டார்ட்டிங் ஆண்டிலு மேலதான் எப்பவும் போயி வுழுவறா போல. போன பொங்கலப்ப எங்கிட்ட என்னா சொன்ன? கோயில் வாசல்ல வெச்சி, இனிமே கை ஓங்க மாட்டேன்னு சொன்ன. நானும் நம்பித்தான் கொண்டாந்து வுட்டேன்.

— வாடகைக்குப் போன எடத்துல வண்டி கொதிச்சிப் பொண்ணு வூட்டுக்காரன் முன்னாடி அசிங்கப்பட்டு வர்றேன். வர்ற ஆத்திரத்துல ஒண்ணு ரெண்டு நடக்கும். தெரிஞ்சிக்க, எல்லாம் இந்த வண்டியாலதான். நீ இஞ்சினப் பாரு.

— அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்... மாப்ள, இங்க வா. தண்ணி ஓடற ஓட்டையப் பாரு. முன்னாடி இருக்கறதெல்லாம் தொறந்து கெடக்குது. பின்னாடி மூணாவது, நாலாவதுகிட்ட அடைச்சிக்கிட்டிருக்குது. தண்ணி அங்க போவவே இல்ல. அதான் அந்த எடம் மட்டும் வெந்து கேஸ்கட்டு எரிஞ்சிருக்குது. நேத்தி வந்த அடைப்பு இல்ல இது. கல்லாட்டம் இறுகிப் போயிருக்குது. அந்தக் கம்பியக் குடு.

— துருதான?

— துருன்னா செவப்பா உதுரும். இது... இரு.

— என்னா அது, மஞ்சளா வருது?

— ஒண்ணுமில்ல. அழுக்கு.

— ஏன் கையில மூடற? காட்டு. காட்டுன்றேன் இல்ல? இது மஞ்சத்தூளு. சாம்பல் வேற கலந்திருக்குது. இந்த ஈர்க்கு என்னா?

— வேப்பிலக் காம்பு மாதிரி இருக்குது.

— வேப்பிலையா? இஞ்சினுக்குள்ளயா?

— அண்ணே, இந்தா அண்டா. புளி போட்டு வெளக்கி எடுத்தாந்துட்டேன்.

— இங்க வாடி. என்னா இது? பெரிய தொரையோட கெளம்பறதுக்கு மொத நாளு, விடிஞ்சா செஞ்சி. ராத்திரி தொரை வண்டி நம்ம வூட்டு வாசல்லதான நின்னுது? என்னைத் தவிர அன்னிக்கு ரேடியேட்டர் மூடியத் தொட்டவன் எவன்? தொரைக்கு வேப்பிலன்னா என்னான்னே தெரியாது. நீதான?

— ஆமாம்.

— அடிப் பாவி!

— மாப்ள, ஆண்டிலக் கீழ வைய்யி.

— வுடு மச்சான்!

— கீழ வைய்யின்றேன். என் கொட்டாயி இது. இங்க வேணாம்.

— ஆறு வருஷம்! தொரை பங்களாவுல ரொட்டியும் வெண்ணையும் தின்னுக்கிட்டு இருப்பேன்டி நான்! தவளக்குப்பத்துல எருமையோட எறங்கித் தண்ணி மொள்றேன். ஒரு வேப்பிலையப் போட்டு என் தலையெழுத்தையே அடைச்சிட்டியே! ஏன்டி? வாயத் தொறந்து சொல்லு, ஏன்? சொல்ல மாட்டா. எனக்குத் தெரியாதா? அலோர், சரி, நீ கேளு மச்சான். புருசன் கடல் தாண்டிட்டா திரும்ப மாட்டான், அங்க ஒரு வெள்ளக்காரியச் சேத்துக்குவான்னு பயம். அதான் வண்டிய நிறுத்திட்டா. என்னை வுட்டுட்டு இருக்க முடியல அவளால.

— மாப்ள, போதும்...

— இரு. கோவம் வந்துது, இல்லங்கல. யோசிச்சிப் பாத்தா பாவமாவும் இருக்குது. எத்தினி அடி வாங்கினாலும் என்மேல அம்மாம் ஆசை! தொரையே சொல்லுவாரு, மனுவேல், ஒன் பொண்டாட்டி ஒன்னைக் கண்டா தலையே நிமிர மாட்டேங்கறாளேன்னு. சரி போ, அஞ்சலாட்சி. மன்னிச்சிட்டேன். பொம்பள புத்தி. ஆனா இந்தத் தடவ நீ அழுதாலும் நான் நிக்க மாட்டேன், தெரிஞ்சிக்க.

— அண்ணே, இது சரியாயிடுமா?

— ஆயிடும்மா. அடைப்பப் பூரா நோண்டிடுவேன். செம்பப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா மெதுவாயிடும். அளவா வெட்டி வெச்சி முடுக்கிட்டா ஒரு சொட்டு போவாது.

— செஞ்சி வரைக்கும் போவுமா?

— போவும்.

— கொதிக்காம?

— கொதிக்காம. அதெல்லாம் கேக்கறியே, அன்னிக்கு ஏம்மா இத உள்ள போட்ட?

— சூடு ஏறினா தொரை வுட்டுட்டுப் போயிடுவாரு, சூடு ஏறினா வுட்டுட்டுப் போயிடுவாருன்னு அன்னிக்குப் பூரா அவரு பொலம்பிக்கிட்டே இருந்தாரு. சூட்டுக்கு எனக்கு வேற என்னாண்ணே தெரியும்? அம்மை போட்டா வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத்தான தண்ணி ஊத்தறோம்? மாரியம்மன் கோயில்ல அழுது வேண்டிக்கிட்டு, மஞ்சத்தண்ணி, திருநீறு, வேப்பில, பூசாரி குடுத்த எல்லாத்தையும் கொண்டாந்து உள்ள ஊத்துனேன்.

— அப்ப, கொதிக்கக் கூடாதுன்னா ஊத்துன?

— வுவாலா! கேட்டியா மச்சான்? நான் நல்லபடியாப் போயிச் சேரணும்னு வேண்டிக்கிட்டிருக்கா! எனக்காவ!

— எனக்காவ, அண்ணே. கை ஒடிஞ்சி ஒன் வூட்டுக்கு வந்தப்பல்லாம் நீ என்னைக் கொண்டுபோயி திரும்பி அங்கியே வுட்டுட்ட, எனக்குப் போவ எடமில்ல, அவரையாவது எங்கனா அனுப்பிடுன்னுதான் ஆத்தாகிட்ட அழுதேன். நட்டையெல்லாம் நல்லா முடுக்கு, இந்தத் தடவ வேண்டுதல் கீண்டுதல் எதுவும் கெடையாது, வெறும் பச்சத்தண்ணி ஊத்து.