பஞ்சு நுனி

— போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மா. எனக்கு வெறும் வெளுப்பாத்தான் தெரியுது.

— இப்பத் தெரியுதா டாக்டரம்மா? முழங்கைக்குக் கீழே. நேத்தே மூணு படம் அனுப்பினேனே.

— பார்த்தேன். உங்க போன் தோலை வழவழன்னு அழகாக்கி அனுப்பியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஆகும், வைத்தியத்துக்கு ஆகாது. ஜன்னல் பக்கம் வாங்க. ம், அப்படித்தான். அரிக்குதா?

— இல்ல. அது பாட்டுக்குக் கிடக்கு. தேமல்னு மருந்துக் கடையில ஒரு களிம்பு குடுத்தாங்க. ஆறு மாசமாப் பூசறேன், போவேனாங்குது.

— அது மேல சிவப்பா ஒரு கோடு?

— இஸ்திரிப் பெட்டி சுட்டது. நாங்க துணி தேய்க்கிற கடை வச்சிருக்கோம். எப்பச் சுட்டுச்சுன்னே தெரியல. பொசுங்கற வாடை வந்து, வீட்டுக்காரர்தான் பார்த்துக் கத்தினார்.

— நேர்ல வர முடியுமாம்மா?

— ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் பொழப்பு போயிடும். படத்தைப் பார்த்தே சொல்லக் கூடாதா?

— பார்க்கிறது பாதிதான். வெறும் தேமலா, நரம்பைப் பிடிச்ச நோயான்னு தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும். நோய்னாலும் மருந்து இருக்கு, பயப்படாதீங்க. என் கை அங்க எட்டாதே. வீட்டுக்காரர் இருக்காரா?

— இருக்கார். எட்டி நிக்கறார். இது வந்ததுலேர்ந்தே எட்டித்தான் நிக்கறார்.

— அப்படியெல்லாம் இல்லைங்க டாக்டர். ஒட்டிக்குமோன்னு... அவ்வளவுதான்.

— சரிங்கய்யா, போனை எதுலயாவது சாத்தி வைங்க. பஞ்சு எடுத்து நுனியை மெல்லிசாத் திரிச்சுக்குங்க. அம்மா, நீங்க கண்ணை மூடிக்கிட்டு, தொட்டதும் "ம்"னு சொல்லணும். முதல்ல நல்ல தோல்ல.

— ம். ...ம். கூசுது.

— நல்லது. இப்ப அந்த வெள்ளைத் திட்டு மேல தொடுங்கய்யா.

— தொடறேங்க.

— என்னம்மா, சத்தத்தையே காணோம்? லைன் நின்னுபோச்சா? ரெண்டு பேரும் சிலையாட்டம் தெரியறீங்க.

— லைனெல்லாம் இருக்கு டாக்டரம்மா. தொட்டாத்தானே சொல்றதுக்கு? பார்த்தீங்கள்ல, பஞ்சாலகூட என்னைத் தொட மனசு வரல அவருக்கு.

— நாலு தரம் தொட்டுட்டேன்டி. பஞ்சைக் கீழ போட்டாச்சு. இப்ப என் விரலே உன் கை மேலதான் இருக்கு.