தொப்பியைக் கழற்றிய பிறகு

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி. ரிச்சர்ட்சன் நகரில் ஓட்டுப் போட நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி. பிரச்சார அடையாளம் உள்ளே கூடாதென்று வாசலில் சொன்னதால் கணவர், பிரசிடென்ட் பெயர் போட்ட சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

“நம்ம தொகுதி காங்கிரஸ்மேனுக்குப் போடாதே. பிரசிடென்டையே எதிர்த்துப் பேசிட்டான். துரோகம் அது.”

“யாருக்குத் துரோகம்? இந்தக் கட்சிக்காக வெயில்ல வீடு வீடாப் போய்க் கதவு தட்டினவ நான். அப்ப உங்க பிரசிடென்ட் அரசியலுக்கே வரல.”

“அவர் இல்லன்னா இன்னிக்குக் கட்சியே இல்ல.”

“வரி கம்மியாகணும், கடை வச்சிருக்கறவங்களை நிம்மதியா விடணும்னுதான் நான் சேர்ந்தேன். இப்ப இறக்குமதிக்கெல்லாம் டாரிஃப் போட்டு நம்ம கடைல பருப்பு விலை ஏறுது. வாய மூடிட்டு இருக்கணுமா?”

“மெதுவாப் பேசு. பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.”

“அவ்வளவு கோவம்னா எதிர்க்கட்சிக்கே போயிடு.”

“நான் ஏன் போகணும்? நேத்து வந்தவர் போகட்டும்.”

மேஜைக்குப் பின்னால் இருந்த தேர்தல் ஊழியப் பெண், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டாள். மனைவி கட்சிப் பெயரைச் சொன்னார். கணவர் வாய் திறப்பதற்குள் அவர் பக்கம் கை காட்டி, இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்:

“இவருக்கும் அதேதான். இவரைக் கட்சியில் சேர்த்ததே நான்தான்.”