பாதியில் மூடிக்கொள்ளும் பாட்டு

சங்ககிரியில் சேலம் பஸ் ஏறியவர் மைக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட் நண்பரிடம் சொன்னார்.

"எங்கக்காவுக்கு இனி நிறுத்தாமப் பாடவே வராதாட்ட இருக்குதுங்க."

"ஏனுங்க, தொண்டை கட்டிக்கிச்சா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்குதுங்க. பாட்டு ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்தான் பாதியில தானா மூடிக்குது. மாரியம்மன் பாட்டு ஒண்ணையே ஒம்பது தடவ பாட வெச்சுட்டேன்."

"வேற சாஃப்ட்வேர் மாத்தறதுதானுங்க? இலவசமாவே கெடைக்குதாமா."

"மாத்தலாமுங்க. இதுல பதிஞ்ச பழைய பாட்டெல்லாம் அதுல தொறக்காது. மறுபடி மொதல்ல இருந்து கத்துக்கத் தெம்பு இல்லீங்க. அதான் ஒவ்வொரு அடி பாடுனதும் அக்காவ நிறுத்தச் சொல்லி, சேவ் பண்ணிட்டு, அப்பறம் அடுத்த அடி பாடச் சொல்லிப் பழக்கிட்டேன்."

"அதுவும் நல்ல ரோசனைதானுங்க."

"நேத்து கோயில் மேடையில ஊரே உக்காந்திருக்குதுங்க. அக்கா மொத அடி பாடிட்டு நிறுத்திட்டாங்க. மேளக்காரர் முழிக்கறாரு. அக்கா என்னயப் பாத்து மைக்குலயே கேக்கறாங்க, 'சேவ் ஆயிருச்சா சாமி?'ன்னு."

"அப்பறம்?"

"ஆயிருச்சுன்னு நான் தலையாட்டுன பொறகுதானுங்க ரெண்டாவது அடியே வந்துது."