மாட்டாத கொக்கி

ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்பது சுத்தப் பொய், ஐயா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போடுகிறேன், என் தலையைப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சேஃப்டி சூப்பர்வைசர் என்றாலே அவர்களுக்கு ஓர் இளக்காரம்.

ஹெல்மெட்டைக்கூட விடுங்கள். பெல்ட் விஷயம்தான் என் வயிற்றெரிச்சல். சாரத்தில் ஏறுகிற எல்லோரும் இடுப்பில் பெல்ட் கட்டுவார்கள். ஆனால் அதன் கொக்கியை மேலே ஓடும் கம்பியில் மாட்ட மாட்டார்கள். தங்கள் இடுப்பிலேயே திருப்பி மாட்டிக்கொள்வார்கள். சோதனைக்கு வருகிற அதிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பெல்ட் தெரியும், திருப்தியாகப் போய்விடுவார். இந்தத் தந்திரத்தை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது என் தங்கை புருஷன்.

தங்கமான மனுஷன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் நிற்கிற தளத்தில் சிரிப்புச் சத்தம் ஓயாது. "மாப்ள, கொக்கிய மாட்டுப்பா" என்றால், "கீழ விழுந்தா நீங்க புடிக்க மாட்டீங்களா மச்சான்?" என்பான். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் வேலை கொடுக்காமல் வீட்டுக்கே அனுப்பினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பட்டால்தான் புத்தி வரும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் தங்கை அவனைப் பிடித்துக்கொண்டாள். மகள் தலையில் கைவைத்து, இனிமேல் மாட்டுகிறேன் என்று சத்தியம் பண்ணினான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், நம்பினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அவன் நிற்கிற பலகையைச் சாரத்தோடு இறுக்கியிருந்த கிளாம்ப் இரண்டையும் கழற்றினேன். கொக்கி மாட்டியிருந்தால் ஒரு முழம் இறங்கித் தொங்குவான், அவ்வளவுதான். அந்தப் பயத்தை அவனே எல்லோரிடமும் சொல்லுவான், அவன் சொன்னால் கேட்பார்கள். வேறு யார் பலகையையும் நான் தொடவில்லை. ஊரான் பிள்ளையை வைத்துப் பாடம் நடத்துவது நியாயமில்லையே.

சாப்பிட்டு முடித்து ஏறினான். நான் கீழே நின்றேன். கொக்கி இடுப்பில் இருந்தது. பலகைக்குப் போக இன்னும் நாலைந்து எட்டு வைக்க வேண்டும். என் குரல் மேல்தளம் வரைக்கும் கேட்கும், அதற்குத்தானே எனக்குச் சம்பளம். கத்தியிருந்தால் மாட்டியிருப்பான். மறுநாள் அது மறுபடி இடுப்புக்கே போயிருக்கும். சத்தியம் பண்ணியவன் தானாகவே மாட்டட்டும் என்று காத்திருந்தேன். மேலேயிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பெல்ட் போட்டிருந்தாரா அண்ணே?"

"போட்டிருந்தாரும்மா."

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை, அன்றும் சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டே நானும் அழுதேன். நடிப்பு இல்லை, ஐயா. அவன் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தை என் மடியில் வந்து உட்கார்ந்தால் இறக்கிவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

கிளாம்ப் இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தை மட்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அன்றிலிருந்து எங்கள் சாரத்தில் ஒருத்தன்கூடக் கொக்கி மாட்டாமல் நிற்பதில்லை. இத்தனை உயிரைக் காப்பாற்றியதில் மாப்பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நீங்களே என் தங்கையிடம் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.