மூன்றாம் அறையின் மணி

பிளக்கைப் பிடுங்கி சர்வரை நிறுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தூங்குகிறவனைக் கட்டிலோடு கவிழ்ப்பது போன்ற வேலை அது. முதலில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். கையில் இருப்பதைச் சேமித்துவிட்டு வெளியேற அவகாசம் தர வேண்டும். கடைசி ஆளும் போன பிறகே நிறுத்த வேண்டும்.

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் கதவுப் பூட்டு, அறைகளுக்குள் இருக்கும் உதவி மணி எல்லாம் அந்த ஒரு சர்வரில்தான் ஓடின. அது நின்றால் கதவுகள் பூட்டியபடியே இருக்கும். குளிர் மட்டும் தனி இயந்திரத்தில் ஓடும்; சரக்கு கெடக் கூடாதல்லவா. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அறைக்குள் போகிறவர் தன் பெயர் எழுதிய வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போவார். பலகை காலியாக இருந்தால் நான் நிறுத்தலாம்.

மாமா மட்டும் மாட்டமாட்டார். அக்காவின் கணவர், கிடங்கின் மேலாளர்.

"வில்லை மாட்டறதுக்கு நான் என்ன மூட்டை தூக்கறவனா?" என்பார்.

எனக்கு வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். நான் குடியிருந்ததும் அவர் வீட்டு மாடியில்தான். சாப்பிடும்போது அவருக்கு எதிரே. அலுவலகத்தில் அவருடைய கண்ணாடி அறைக்கு எதிரே. வேறு ஊரில் வேலை கிடைத்தபோது என் சான்றிதழ்களை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். "உன்ன விட்டா எனக்கு யாருடா மச்சான் இருக்கா?" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

அந்த ஞாயிறு மதியம், பராமரிப்புக்காக சர்வரை நிறுத்தப்போவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தேன். பலகை காலி. நிறுத்தத் தொடங்கியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. மூன்றாம் அறையிலிருந்து மணி அழைப்பு உள்ளது. காத்திருக்கவா, துண்டிக்கவா?

அந்த அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னவர் மாமா. கதவு சாத்திக்கொண்டால் மணியடிப்பார். நான் எழுந்து போய்த் திறந்துவிட வேண்டும்.

வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, துண்டிக்கவும் என்பதை அழுத்தினேன். மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"எங்கடா அந்த மனுஷன்? போனும் போகல. சாப்பாடு ஆறிக் கெடக்கு."

"சர்வரை நிறுத்தி வச்சிருக்கேன்க்கா. யாரு எந்த ரூம்ல இருக்காங்கன்னு இப்போ பாக்க முடியாது."

"பெரிய சர்வரு. சீக்கிரம் எழுப்பித் தொலைடா."

"அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்க்கா."

அதில் பொய் எதுவும் இல்லை. விசிறிகளில் படிந்த தூசியைத் துடைத்தேன். ஒவ்வொரு கம்பியையும் கழற்றி மாட்டினேன். ஓய்வு கொடுத்தால் இயந்திரம் நன்றாக எழும். மறுநாள் காலையில்தான் எழுப்பினேன். எந்தப் பிழையும் காட்டாமல் எழுந்தது.

மணிக்கென்று தனி நினைவகம் உண்டு. சர்வர் நின்றிருக்கும்போது வரும் அழைப்புகளைப் பிடித்து வைத்திருந்து, எழுந்ததும் வரிசையாக ஒப்படைக்கும். அவை திரையில் வந்தன. முதலில் அடுத்தடுத்து. பிறகு இடைவெளி விட்டு. பிறகு, வெகுநேரம் கழித்து, ஒன்றே ஒன்று.

நான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. சர்வரைக் கண்டபடி நிறுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் அழைத்ததில் ஒன்றுகூடத் தொலையவில்லை.